பாப்பாவின் பையை நான் நகர்த்தியது பற்றி

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை அதிகாரி மேலே எழுதிக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கின்றன. வயது ஐம்பத்தொன்று. ஆற்றுப் பாலத்துக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் கணவருடனும் கணவரின் தங்கையுடனும் குடியிருக்கிறேன். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பல் அடுக்குவதும், பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருந்துகிற நிறம் தேர்ந்தெடுப்பதும் என் வேலை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள பாதையில் நாங்கள் பூப் பார்க்கப் போனபோது என் நாத்தனார் சரிவில் விழுந்து கால் முறிந்து கிடந்தது தொடர்பாக, எங்கள் கூட்டத்தில் கடைசியாக நடந்து வந்த கண்டக்டர் மேல் கவனக்குறைவு என்று வழக்குப் போடப் போகிறார்கள் என்றும், அவர் வேலை பார்க்கும் பஸ் கம்பெனியில் இது முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் அறிந்தேன். பாதையில் பை எதுவும் இல்லை என்று கண்டக்டர் சொல்வது உண்மை. பாதை நடுவில் பையை வைத்தேன் என்று நாத்தனார் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே தெளிவு வரும் என்று நினைத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததில் குழப்பம்தான் கூடியது. ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயம் என்றும், மற்றதைத் தெரியாது என்றும் சொல்கிறேன். நிச்சயம் என்பது கொஞ்சம்தான் தேறும்.

நாங்கள் குளிர்காலம் முடிந்து பாதை திறந்ததும் ஞாயிறுதோறும் சேர்ந்து மலைநடை போகிறவர்கள். எங்களுக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. முன்னால் நடப்பவர் டீச்சர்; பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறார். நடுவில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். என் கணவர் வருவதில்லை. கடைசியில் கண்டக்டர். அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்ததற்குக் காரணம், கடைசி ஆளின் கால் படியில் பட்டதைப் பார்க்காமல் விசில் கொடுக்கிற பழக்கம் அவருக்கு வேலையிலேயே இல்லை என்பதுதான். அவரைப் போய்க் கவனக்குறைவு என்று சொல்கிறீர்கள். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. பூப் பார்க்கவோ வேறு காரியத்துக்கோ யார் பாதையை விட்டு இறங்கினாலும், தன் முதுகுப் பையைக் கழற்றிப் பாதை நடுவில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பையைத் தாண்டிப் போகலாம். கண்டக்டர் மட்டும் தாண்ட மாட்டார். பைக்கு உடையவர் வந்து அதைத் தோளில் மாட்டும்வரை அங்கேயே நிற்பார். உடையவரைத் தவிர வேறு யாரும் பையைத் தொடக்கூடாது. இந்த விதி எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

அன்று காலை டீச்சர் இன்னொரு விதியையும் சொன்னார். நீலச் சிமிழ் என்று நாங்கள் ஒரு பூவைச் சொல்வோம். சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், மூடி வைத்த சிமிழைப் போல. பனி உருகிய ஈரம் இருக்கும் சில நாட்களில் வந்துவிட்டுப் போய்விடும். சில வருடங்களாக அது அந்தச் சரிவில் வரவே இல்லை. இந்த வருடம் வந்திருக்கிறது, பாதையிலேயேகூட முளைத்திருக்கலாம் என்று டீச்சர் வேனை விட்டு இறங்கியதும் சொன்னார். "கால் வைக்கிற இடத்தைப் பாத்து வைங்க. குச்சிய ஊனாதீங்க, உக்காராதீங்க, எதையும் அது மேல வைக்காதீங்க. ஒண்ணு போச்சுன்னா அந்த இடத்துல திரும்ப வராது" என்றார். அவர் பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி எங்கள் ஒவ்வொருவர் காலணியையும் பார்த்துக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறது.

என் நாத்தனாரைப் பற்றிக் கேட்டதற்குக் கூறுவது: அவள் என் கணவரின் தங்கை. வயது நாற்பத்து நான்கு. வீட்டில் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அந்தப் பெயர் நரை விழுந்த பிறகும் போகவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். பின்னறையில் தையல் மெஷின் போட்டுக் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் திரை தைத்துக் கொடுக்கிறாள். எங்களுக்குள் சண்டை வருமா என்று கேட்டால், வரும். சண்டை இல்லாத நாளில் என் கணவர் உடம்பு சரியில்லையா என்று எங்கள் இருவரையும் கேட்பார். அவள் கப்பைக் கழுவாமல் வைப்பாள், நான் கத்துவேன். நான் மெஷின் சத்தத்துக்கு ரேடியோவைக் கூட்டி வைப்பேன், அவள் கத்துவாள். இதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் இல்லை. அன்று வரைக்கும் இல்லை.

அன்று வேனில் நான் முன் இருக்கையில் இருந்தேன். பாப்பா பின்னால் மருந்துக்கடைக்காரர் மனைவியோடு இருந்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் திரைத் தையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றும், தங்க அறையும் கொடுக்கிறார்கள், மாதம் பிறந்ததும் போகப்போகிறேன் என்றும் அவள் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்தது. அந்த அம்மா எனக்கு வாழ்த்துச் சொன்னார். நானும் எல்லாம் தெரிந்தவள் போலச் சிரித்து வைத்தேன். எனக்கு அது பற்றி ஒன்றுமே தெரியாது. என் கணவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். தெரியும் என்று பிறகு தெரிந்தது.

வேன் நின்றதும் எல்லோரும் இறங்கிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அவளிடம் கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லுவ, எனக்கு மட்டும் சொல்ல மாட்டியா?"

"சொன்னா நீங்க அழுவீங்கன்னுதான் சொல்லல அண்ணி."

"நான் எதுக்குடி அழணும்? போறதுன்னா போ. யாரு உன்னப் பிடிச்சு வச்சிருக்கா? இனிமே உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

இதை நான் சொன்னது நிச்சயம். எல்லோரும் கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பது அப்படியே சரி. அவள் சொன்னபடியே எனக்கு அழுகை வந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை.

அதன் பிறகு நடக்கத் தொடங்கினோம். பாதை ஆற்றுக்கு மேலே சரிவின் விளிம்பை ஒட்டிப் போகிறது. இடது பக்கம் மேடு, வலது பக்கம் புல்லும் பூவுமாகச் சரிந்து, கொஞ்ச தூரத்தில் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடும். ஆறு கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். பனி உருகி வந்த தண்ணீர் என்பதால் அன்று சத்தம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது புரியவே அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சரிவு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்திருப்பேன். அன்று எனக்கு எதுவும் மனதில் பதியவில்லை. பாப்பா வேகமாக முன்னால் போனாள். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். எனக்குப் பின்னால் கண்டக்டர் மட்டும்தான். அவரும் நான் தனியாக இருக்க விரும்புகிறேன் என்று புரிந்துகொண்டு நன்றாக இடைவெளி விட்டு வந்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

இப்போது சொல்வது முக்கியம் என்று அதிகாரி சொன்னதால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். பாதை ஒரு பெரிய சாம்பல் நிறப் பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில், பாதையின் நடுவில் ஒரு பை இருந்தது. அதுவும் சாம்பல் நிறம். இது நிச்சயம். பக்கத்தில் ஆள் இல்லை. வலது பக்கச் சரிவை நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றால், இறங்கி நிற்பது யார் என்று எனக்குத் தெரியும், அவள் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தாண்டிப் போய்விடலாம் என்று காலைத் தூக்கினேன். அப்போதுதான் பையின் அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. பையின் ஓரத்தில் இரண்டு நீலச் சிமிழ்கள் சாய்ந்துகிடந்தன. இன்னொன்று பைக்கு அடியிலேயே மாட்டியிருந்தது. தண்டு வளைந்திருந்தது, ஒடியவில்லை. மெழுகில் நகம் பட்ட தடத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அது ஒடியவில்லை என்பது நிச்சயம்.

அதன் பிறகு நான் பையின் பிடியைப் பிடித்துத் தூக்கினேன். பூவை விரலால் நிமிர்த்தினேன். பையை வேறு இடத்தில் வைத்தேன். வேறு இடம் என்றால் எங்கே என்று கேட்கிறார்கள். பாறை மேல் வைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு ஞாபகம். மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. பின்னால் வருகிற கண்டக்டரின் கண்ணில் நேராகப் படுகிற மாதிரி. அப்படித்தான் நான் செய்திருப்பேன். செய்தேனா என்று கேட்டால், செய்திருப்பேன் என்றுதான் வாயில் வருகிறது. செய்தேன் என்று வரவில்லை.

அப்போது ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டதற்குக் கூறுவது: தெரியாது. ஆற்றுச் சத்தம் கேட்டது. அதற்குள் வேறு ஒரு சத்தம் இருந்த மாதிரியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் விசாரித்திருந்தால் எதுவும் காதில் விழவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். இப்போது கேட்டால், கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. பிறகு தெரிந்துகொண்டதை என் மனசே உள்ளே வைத்துத் தைத்துவிட்டதோ என்னவோ. நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதன் பிறகு மேலே பாதை அகலமாகிற இடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கண்டக்டர் கடைசியாக வந்து, வழக்கப்படி தலைகளை எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். "பாப்பாம்மா எங்க?" என்றார். "உங்க முன்னாடி எங்கயாவது பை இருந்துதா?" என்று டீச்சர் கேட்டார். "பையே இல்லம்மா. பை இருந்தா நான் அங்கயே நின்னுருப்பேனே" என்று கண்டக்டர் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்போது நான் சொன்னது என்ன என்பதை மருந்துக்கடைக்காரர் உங்களிடம் சொன்னாரா என்று தெரியாது. சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். "அவ கீழ வேனுக்குப் போயிருப்பா. கோவம் வந்தா இப்படித்தான், தனியாப் போய் உக்காந்துக்குவா. விடுங்க" என்றேன். பாறைக்குக் கொஞ்சம் தள்ளி வேன் நிற்கும் இடத்துக்கு இறங்குகிற குறுக்குப் பாதை ஒன்று உண்டு. பை இல்லை என்று கண்டக்டர் சொன்னதும், அவள் சரிவிலிருந்து மேலே வந்து, பாறை மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு, அந்தக் குறுக்குப் பாதையில் போய்விட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். பை இல்லை என்றால் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பதுதானே எங்கள் கணக்கு. பையை நான் நகர்த்தினேன் என்பது அந்த நேரத்தில் ஒரு சங்கதியாகவே எனக்குத் தோன்றவில்லை. மறைக்கவில்லை. தோன்றவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரி என்னிடம் மூன்று விதமாகக் கேட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான்.

கண்டக்டர் மட்டும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நான்தான், "நீங்க வேற, அவளுக்கு இன்னும் கொண்டாட்டமாப் போயிடும்" என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் வேறு வழியாக இறங்கி வேனுக்கு வந்தபோது அவள் இல்லை. நான் வேனின் கடைசி இருக்கையில் குனிந்து பார்த்தேன், ஒளிந்திருக்கிறாளா என்று. நாற்பத்து நான்கு வயதுக்காரியை இருக்கைக்கு அடியில் தேடினேன் என்றால் என் புத்தி எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் போன் எடுக்கவில்லை. கண்டக்டர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பாதையில் ஓடினார். டீச்சர் மீட்புப் படைக்குப் போன் செய்தார். அவர்கள் வந்து சேர்ந்து தேடி, வெயில் தாழும் நேரத்தில் அவளைக் கண்டுபிடித்தார்கள். பாறைக்குக் கீழே, சரிவு ஒரேயடியாக இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு புதரில் சிக்கிக் கிடந்தாள். தொடை எலும்பு முறிந்து, நினைவில்லாமல் இருந்தாள். இன்னும் ஓர் ஆள் நீளம் சரிந்திருந்தால் ஆறுதான். அவளை ஸ்டிரெச்சரில் தூக்கி வந்தபோது முகம் முழுக்க மண். தொடப் போனேன், விலகச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு மீட்புப் படைக்காரர் ஒருவர் பையைக் கொண்டுவந்து, "இது பாறைக்குப் பின்னாடி, கீழ இடுக்குல கிடந்துச்சு, யாருது?" என்று கேட்டார். நான், "எங்க பாப்பாவுது" என்றேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். நான் பாறை மேல் வைத்த பை, பாறைக்குப் பின்னால் கிடந்ததாக அவர் சொன்னார். ஆகவே நான் வைத்த பிறகு வேறு ஏதோ நடந்திருக்கிறது, அவளே எடுத்து அங்கே போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண் விழித்தால் சொல்வாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தேனா, அது தெரியாது.

அதன் பிறகு வந்த நாட்களில் என் கணவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீ எங்க இருந்த?" என்றார். பின்னால் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாப்பாவுக்கு நினைவு வந்து, விதிப்படி பையைப் பாதை நடுவில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று உங்கள் அதிகாரியிடம் சொன்னாள். பை நடுவில் இருந்தால் அதைத் தாண்டி வந்த கண்டக்டர் பார்க்காமல் இருக்க முடியாது என்றும், பார்த்தும் தாண்டி வந்தார் அல்லது தூங்கி வழிந்துகொண்டு வந்தார் என்றும் முடிவு கட்டினீர்கள். டீச்சர் போன் செய்து இதைச் சொல்லி அழுதார். நான் லேபில் இருந்தேன். கையில் இருந்த பல்லை எந்த நிறத்துக்குப் பொருத்திக்கொண்டிருந்தேன் என்று மறந்துபோய், எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிந்தது.

நேற்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் தனியாக அந்தப் பாறைக்குப் போனேன். என் பையும் அவள் பை போலத்தான். என் கணவர் இரண்டும் ஒன்றாக வாங்கினார். அதைப் பாறை மேல் வைத்துப் பார்த்தேன். நின்றது. அப்பாடா என்று இருந்தது. மறுபடி வைத்தேன். சரிந்து பின்பக்க இடுக்கில் விழுந்தது. மறுபடி வைத்தேன், நின்றது. இப்படியே வைத்து வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. இடுக்கில் கிடக்கும் பை, பாதையில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். பூ இருந்த இடத்தையும் பார்த்தேன். தேடி வந்தவர்களின் பூட்ஸ் மிதித்து வெறும் சேறாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பூ இருந்தது என்பதற்கு என் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர் சாப்பிடக் கீழே போயிருந்தார். பாப்பா காலில் கட்டோடு படுத்திருந்தாள். எங்களுக்குள் நடந்த பேச்சைக் கூடுமானவரை அப்படியே சொல்கிறேன்.

"பைய எங்க வச்ச? ஞாபகப்படுத்திச் சொல்லு."

"நடுவுலதான் வச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நீங்கதான எடுத்தீங்க."

"பாத்தியா?" என்றேன்.

"கை தெரிஞ்சுது. அந்தப் பச்சை ஸ்வெட்டரு நான் பின்னுனதுதான அண்ணி, எனக்குத் தெரியாதா? கூப்பிட்டேன். நீங்க திரும்பல. என் மேல இருக்க கோவத்துல பையத் தூக்கிட்டுப் போறாங்க, கண்டக்டர் அண்ணனும் என்ன விட்டுட்டுப் போயிடுவாருன்னு ஓடி வந்தேன். வழுக்கிடுச்சு."

"இத ஏன்டி போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா? எங்கண்ணன் அப்புறம் யார் கையால சாப்பிடுவாரு? நான் எப்படியும் போறவ."

"நான் பூவுக்காக எடுத்தேன் பாப்பா. பைக்கு அடியில நீலச் சிமிழ் இருந்துச்சு."

"சரி அண்ணி. பூவுக்காகத்தான்" என்றாள். குழந்தை பொய் சொன்னால் பெரியவர்கள் ஒத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்டக்டர் அண்ணன நெனச்சாத்தான் தூக்கம் வரல. நீங்களே ஏதாவது பண்ணுங்க" என்றாள். என் கணவர் வந்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்று காலை இங்கே வந்தேன்.

ஆக, நான் பையை எடுக்காமல் இருந்திருந்தால் அவள் ஓடி வந்திருக்க மாட்டாள், விழுந்திருக்க மாட்டாள். விழுந்திருந்தாலும் பையைப் பார்த்துக் கண்டக்டர் நின்றிருப்பார். அவர் திரும்பிப் போகிறேன் என்றபோதும் நான்தான் தடுத்தேன். கண்டக்டர் செய்த குற்றம் எது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அவரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வாக்குமூலத்தை யாராவது ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் அவளிடம் எடுபடாது. முத்திரை குத்திய தாளில் இருந்தால் ஒருவேளை நம்புவாள். கோபத்தில் நான் அவளை விட்டுவிட்டுப் போனேன் என்று நினைத்துக்கொண்டு அவள் அந்த ஊருக்குப் போகக்கூடாது.

அதன் பிறகு அதிகாரி பேனாவை மூடிவிட்டு, எழுதாமல் ஒன்று கேட்கிறேன் என்றார். எழுதியே கேளுங்கள் என்றேன். அந்தப் பை பாப்பாவுடையது என்று தெரிந்துதான் எடுத்தீர்களா, வேறு யாருடைய பையாக இருந்தாலும் எடுத்திருப்பீர்களா என்று கேட்டார். இதை என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பதில்: தெரிந்துதான் எடுத்தேன். டீச்சருடைய பையாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அங்கேயே நின்று, "டீச்சர், பூ மேல வச்சிட்டீங்க" என்று கத்தியிருப்பேன். மருந்துக்கடைக்காரர் பையாக இருந்தாலும் கத்தியிருப்பேன். விதி எனக்குத் தெரியும். பாப்பாவின் பை என்பதால்தான் விதியே ஞாபகம் வரவில்லை. நாற்காலியில் கிடக்கும் அவள் துண்டை எடுத்துக் கொடியில் போடுகிறேன். மேஜை மேல் கிடக்கும் அவள் கத்தரிக்கோலை எடுத்து டப்பாவில் போடுகிறேன். குளியலறையில் கழற்றி வைத்த அவள் கண்ணாடியை எடுத்து மெஷின் பக்கத்தில் வைக்கிறேன். கேட்டுக்கொண்டா செய்கிறேன்? பேசாமல் இருக்கிற நாளிலும் செய்கிறேன். கை அதுபாட்டுக்குப் போகும். அன்றும் அப்படித்தான் போனது. கோபம் எனக்கு இருந்தது, ஆனால் கைக்கு இல்லை.

மேற்கண்டவற்றை அதிகாரி எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். கடைசியில் சுருக்கமாக, "பையைத் தவறுதலாக நகர்த்திவிட்டேன்" என்று அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு சொல் எனக்கு வழக்கில் உதவியாக இருக்கும் என்று விளக்கினார். நல்ல மனிதர். அந்தச் சொல்லை அடித்துவிட்டு "வழக்கம்போல" என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியாது என்றார். பாப்பாவுக்குப் புரியும் என்றேன். அடித்த இடத்தில் என் சிறு கையெழுத்து இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதில் உள்ளது எல்லாம் நடந்தது. தெரியாது என்று சொன்ன இடங்களில் உண்மையாகவே தெரியாது. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(கையொப்பம்)